'ப்ளூ' இசைத்தட்டின் மூன்றாவது பாட்டு

1971 ஜூன் 22 அன்று ஜோனி மிட்செலின் நான்காவது இசைத்தட்டு வெளிவந்தது. பெயர் 'ப்ளூ'. மொத்தம் 10 பாட்டு, 36 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உறையில் நீல நிறத்தில் அவர் முகம், கண்கள் கீழே பார்த்தபடி. உண்மையை இவ்வளவு அப்பட்டமாகப் பாட்டில் வைத்தவர் வேறு யாரும் இல்லை என்று 50 வருஷத்துக்கு மேலாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். 2020-ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களின் பட்டியலைத் திருத்திப் போட்டபோது இதற்கு 3-வது இடம் கொடுத்தது.

அந்தத் தட்டின் முதல் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பாட்டு இருக்கிறது: 'லிட்டில் கிரீன்'. ஒரு கிதார், ஒரு குரல், அவ்வளவுதான். ஓடுவது மூன்றரை நிமிடம். மற்ற ஒன்பது பாட்டையும் பிரித்துப் பிரித்து அர்த்தம் சொன்ன உலகம், இந்த ஒன்றை மட்டும் 20 வருஷத்துக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தது. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் ஜோனியின் சம காலத்து ரசிகை இல்லை. பெங்களூரில் முதல் வேலைக்குப் போனபோது உடன் வேலை பார்த்த ஒருவர் ஒரு ஃபோல்டர் நிறைய எம்பி3 கொடுத்தார். அதில் இருந்தது 'ப்ளூ'. முதல் தடவை கேட்டபோது அந்தக் குரல் உயரே போய்ப் போய் விழுவது எனக்கு ஒத்துவரவே இல்லை. பிறகு எப்படியோ அலுவலக பஸ்ஸில் தினமும் ஓடுகிற தட்டாகிவிட்டது. எனக்கு முதலில் பிடித்தது அந்த மூன்றாவது பாட்டுதான். தாலாட்டு மாதிரி இருக்கும். பச்சை, வசந்தம், பனி என்று வார்த்தைகள் வந்துபோகும். கதை தெரியாமலே பிடித்துப்போன பாட்டு அது.

கதைக்கு வருவோம். ஜோனி பிறந்தது 1943 நவம்பர் 7, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபோர்ட் மக்ளவுட் என்ற சின்ன ஊர். இயற்பெயர் ரோபர்ட்டா ஜோன் ஆண்டர்சன். அம்மா ஆசிரியை. அப்பா விமானப்படையில் இருந்துவிட்டுப் பிறகு மளிகை வியாபாரத்துக்குப் போனவர். வளர்ந்தது பக்கத்து மாகாணத்தில், பெரும்பாலும் சஸ்கட்டூனில். 9 வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. பிழைத்து எழுந்து நடந்தார், ஆனால் இடது கை பலவீனமாகவே நின்றுவிட்டது.

இந்த இடது கை விஷயத்தைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது. கிதாரில் இடது கைதான் கம்பிகளை அழுத்த வேண்டும். வழக்கமான சுருதியில் கட்டிய கிதாரில் சில பிடிகளுக்கு நாலு விரலும் வளைந்து, விரிந்து, பலமாக அமுக்க வேண்டியிருக்கும். ஜோனியின் கைக்கு அது சிரமம். அதனால் அவர் கம்பிகளின் சுருதியையே மாற்றிக் கட்டினார். விரலே வைக்காமல் மீட்டினாலும் ஒரு முழு இணக்கம் கேட்கிற மாதிரி. நம்ம தம்புராவை நினைத்துக்கொள்ளுங்க, கம்பியை அழுத்தாமலே சுருதி நிற்கிறதில்லையா, கிட்டத்தட்ட அப்படி. 'ஓப்பன் ட்யூனிங்' என்பார்கள். அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள் ஏற்கெனவே செய்துவந்ததுதான். ஆனால் ஜோனி அதை 50-க்கும் மேற்பட்ட விதங்களாக விரித்துக்கொண்டு போனார். அவருடைய பாட்டுகளில் கேட்கிற, இது சோகமா சந்தோஷமா என்று பிடிபடாத அந்த நிறம் பெரிய அளவில் இங்கிருந்து வந்ததுதான்.

1963-ல் ஓவியம் படிக்கக் கால்கரி போனார். அங்கே உடன் படித்த ஒருவரோடு காதல், கர்ப்பம். 1964 கோடையில் இருவரும் ரயிலேறி டொராண்டோவுக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் அந்த ஆள் கிளம்பிப் போய்விட்டார். ஜோனிக்கு வயது 21 நிறையவில்லை. கையில் காசில்லை. இசைக்கலைஞர் சங்கத்துக்குப் பணம் கட்டினால்தான் நல்ல இடங்களில் பாட முடியும், அதற்கும் வழியில்லை. ஒரு பெரிய கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தார். ஊரில் அப்பா அம்மாவுக்குத் தெரியாது. 1965 பிப்ரவரி 19 அன்று டொராண்டோவில் பெண் குழந்தை பிறந்தது. கெல்லி என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் 'கெல்லி கிரீன்' என்றால் ஒருவகைப் பளிச்சென்ற பச்சை.

இப்போ கொஞ்சம் சட்டம் பேசணும். நமக்கு 1960-கள் என்றால் மேற்கே ஹிப்பி, பூ, சுதந்திரம் என்று ஒரு படம் ஓடும். கனடாவின் சட்டப்புத்தகம் அப்படி இல்லை. கருத்தடைச் சாதனம் விற்பதும் அதை விளம்பரப்படுத்துவதும் அங்கே குற்றவியல் சட்டப்படி குற்றம். 1969 வரைக்கும். கருக்கலைப்பும் அப்படியே, 1969-ல்தான் கொஞ்சம் கதவு திறந்தது. கல்யாணமாகாத பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால் அதை 'முறைகேடான பிறப்பு' என்றே பதிவேட்டில் எழுதினார்கள்.

2018-ல் கனடா செனட்டின் ஒரு குழு இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தலைப்பே 'வெட்கம் நம்முடையது' என்ற பொருளில் இருக்கும். 1945 முதல் 1971 வரை கிட்டத்தட்ட 6 லட்சம் குழந்தைகள் அப்படி 'முறைகேடு' என்று பதிவாகியிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. தாய்மார்களின் சாட்சியங்களைப் படித்தால் மனசு கனத்துப்போகும். குடும்பம் கொண்டுபோய் மகப்பேறு விடுதிகளில் விட்டது. சிலருக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கக்கூட விடவில்லை. அரசு உதவி என்று ஒன்று இருப்பதையே சொல்லாமல், 'கையெழுத்துப் போடு, மறந்துவிடு, வேறு வாழ்க்கையைத் தொடங்கு' என்றார்கள். கத்தி காட்டி யாரும் மிரட்டவில்லை. ஆனால் எல்லா வாசலையும் சாத்திவிட்டு ஒரே ஒரு வாசலைக் காட்டினால் அதற்கும் கட்டாயம் என்றுதான் பெயர், இல்லையா? செனட் குழுவும் இதைக் கட்டாயத் தத்து என்றே அழைத்தது. அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆஸ்திரேலியாவில் இதே மாதிரி நடந்ததற்கு 2013-லேயே பிரதமர் ஜூலியா கில்லர்ட் நாடாளுமன்றக் கட்டடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

ஜோனி உடனே கையெழுத்துப் போடவில்லை. குழந்தையைத் தற்காலிகப் பராமரிப்பில் விட்டார். அடுத்த மாதமே சக் மிட்செல் என்ற அமெரிக்கப் பாடகரைச் சந்தித்தார். ஜூன் மாதம் கல்யாணம். குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் அந்தக் கல்யாணத்தில் இருந்தது என்று பின்னாளில் ஜோனி சொன்னார். சக் அதை வேறு மாதிரி சொன்னார். எப்படியோ, குழந்தை தத்துப் போயிற்று. ஜோனி டெட்ராய்ட்டுக்குப் போனார். சொந்தமாகப் பாட்டு எழுத ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். மகளை இழந்ததுதான் தன்னை எழுதவைத்தது என்ற பொருளில் அவரே பின்னால் பேசியிருக்கிறார். 1967-ல் கல்யாணமும் முறிந்தது. மிட்செல் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

'லிட்டில் கிரீன்' அந்தக் காலத்துப் பாட்டு. 1967-லேயே சின்னச் சின்ன மேடைகளில் பாடியிருக்கிறார். குழந்தை பிறந்த நேரத்தில் சந்திரன் இருந்த ராசியில் தொடங்குகிறது பாட்டு, நம்ம ஊரில் ஜாதகம் எழுதுகிற மாதிரி. பிறகு குழந்தைக்கு ஒரு பெயர் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அப்பன் கலிபோர்னியா பக்கம் போய்விட்டான். தாள்களில் கையெழுத்து விழுகிறது. அந்தப் பெண் வருத்தப்படுகிறாள், ஆனால் வெட்கப்படவில்லை. மகளுக்கு நல்லது நடக்கட்டும் என்று ஒரு வாழ்த்து. அவ்வளவும் இருக்கிறது அதில். எதையும் மறைக்கவில்லை. பெயரைக்கூட நிறமாக்கித் தலைப்பிலேயே வைத்துவிட்டார்.

எழுதினாரே தவிர, முதல் மூன்று ஆல்பங்களில் அதைச் சேர்க்கவில்லை. 1971-ல் ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஸ்டுடியோவில் 'ப்ளூ' பதிவானபோதுதான் அது உள்ளே வந்தது. அந்தச் சமயம் அவர் மனநிலை ரொம்பவே நொறுங்கியிருந்தது. சிகரெட் பெட்டியின் மேலே சுற்றியிருக்கிற கண்ணாடித் தாளோடு தன்னை ஒப்பிட்டு 1979 பேட்டி ஒன்றில் பேசினார். உலகத்திடமிருந்து ஒளித்துவைக்க ஒன்றுமே இல்லை, பலசாலி என்று நடிக்கவும் முடியவில்லை என்ற அர்த்தத்தில். பாட்டுகளைக் கேட்ட கிரிஸ் கிரிஸ்டோஃபர்சன், கொஞ்சத்தை உனக்கென்று வைத்துக்கொள் என்று பதறிச் சொன்னதும் பிரபலமான கதை.

தட்டு வந்தது. விமர்சகர்கள் எழுதினார்கள். இது கிரஹாம் நாஷ் பற்றி, இது ஜேம்ஸ் டெய்லர் பற்றி, இது லெனார்ட் கோஹனாக இருக்குமோ என்று துப்பறியும் வேலை அமர்க்களமாக நடந்தது. ரோலிங் ஸ்டோன் அந்த வருஷங்களில் அவருடைய காதல்களைக் கோடு போட்டு வரைபடமாகவே அச்சிட்டது. கேவலமான பட்டமும் ஒன்று கொடுத்தது. அவர் அந்தப் பத்திரிகையோடு பல வருஷம் பேசவில்லை. ஆனால் இதே பத்திரிகையின் விமர்சகருக்கு 'லிட்டில் கிரீன்' மட்டும் விளங்கவில்லை. யாராலும் புரிந்துகொள்ள முடியாத அளவுக்குப் பூடகம் என்று குறை சொல்லி நகர்ந்துவிட்டார்.

எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம். காதலர்கள் யார் யார் என்று கண்டுபிடிக்கக் குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு குழந்தை, ஒரு பெயர், ஒரு கையெழுத்து என்று அப்படியே எழுதிவைத்திருப்பது கண்ணில் படவில்லை. ஒரு பாடகியின் பாட்டில் ஆண் இருப்பான் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டார்கள். தத்துக் கொடுத்த குழந்தை இருக்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை. 6 லட்சம் பிறப்புகள் நடந்த நாட்டிலிருந்து வந்த பாட்டு அது. அந்தத் தாய்மார்களில் சிலராவது ரேடியோவில் கேட்டுக் கண்டுகொண்டிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. கண்டுகொண்டிருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வகைப் பாட்டுக்கு 'வாக்குமூலப் பாடல்' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜோனிக்கு அந்தச் சொல் பிடிக்காது. வாக்குமூலம் என்றால் யாரோ வற்புறுத்தி வாங்குவது என்பார். நானும் அவர் கட்சிதான். 'லிட்டில் கிரீன்' யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அது மகளுக்கு எழுதிய கடிதம், முகவரி தெரியாததால் எல்லாருக்கும் அனுப்பப்பட்டது.

இங்கே என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் இந்தப் பாட்டின் பின்னால் நான் இத்தனை வருஷம் ஏன் சுற்றுகிறேன் என்று உங்களுக்கு விளங்காது. எனக்கு ஒரு பெரியம்மா. அவருக்கு ஒரே மகள், என்னைவிட 6 வயது மூத்தவள். விடுமுறைக்கு வருவாள். என் அம்மாவை 'சித்தி' என்றுதான் கூப்பிடுவாள். அவள் வந்தால் அம்மா தன் கையால் அவளுக்கு எண்ணெய் வைத்துவிடும், வேறு யாரையும் அவள் தலையில் கைவைக்க விடாது. எனக்கு அதில் பொறாமைகூட உண்டு. என் 19-வது வயசில் ஓர் அத்தை போகிறபோக்கில் சொன்னார்: "அவ உங்கம்மாவுக்குத் தலைப்பிள்ளைடி. அக்காவுக்குப் பிள்ளையில்லைன்னு மூணாம் மாசமே தூக்கிக் குடுத்துட்டா."

தாள் இல்லை, கையெழுத்து இல்லை, நீதிமன்றம் இல்லை. பாட்டி முடிவு செய்தார், மடியில் வைத்துக் கொடுத்தாயிற்று. ஊரில் அத்தனை பேருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். ஜோனி கதையும் இதுவும் ஒன்றில்லை. அங்கே ஒரு பெண் தனியாக, காசில்லாமல், பெற்றவர்களுக்குப் பயந்து நின்றாள். இங்கே குழந்தை போனது அக்கா வீட்டுக்கு, கண்ணெதிரே வளர்ந்தது. எதில் வலி அதிகம் என்று அளக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் 'லிட்டில் கிரீன்' யாரைப் பற்றியது என்று படித்த அன்றைக்கு ராத்திரி அந்தப் பாட்டைத் திரும்பப் போட்டபோது, எனக்கு முன்னால் வந்து நின்றது டொராண்டோ இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிற என் அம்மாதான். அம்மாவுக்கு இங்கிலீஷ் பாட்டு எதுவும் தெரியாது. நானும் கேட்டதில்லை, அதுவும் சொன்னதில்லை.

ஜோனி இரண்டாவது தடவையும் சொல்லிப் பார்த்தார் என்பது பலர் கவனிக்காத விஷயம். 1982-ல் வந்த 'வைல்ட் திங்ஸ் ரன் ஃபாஸ்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டில், நடுவயதுத் தோழிகள் இருவர் பழங்கதை பேசுகிறார்கள். அதில் தான் பெற்ற பிள்ளையைத் தன்னால் வளர்க்க முடியாமல் போனதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். இந்தத் தடவை பூடகமே கிடையாது. அப்போதும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரகசியம் வெளிவந்தது 1990-களில், அதுவும் பாட்டின் வழியாக இல்லை. ஓவியக் கல்லூரி நாட்களில் அவரோடு தங்கியிருந்த ஒருவர் விஷயத்தை ஒரு மஞ்சள் பத்திரிகைக்கு விற்றார். கிட்டத்தட்ட அதே சமயம், 1993-ல், டப்ளினில் ஒரு கன்னிமாடம் தன் நிலத்தை விற்றபோது அங்கே புதைக்கப்பட்டிருந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களின் உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். மாக்டலீன் சலவைக்கூடங்கள் என்று அயர்லாந்தில் இருந்தவை. கல்யாணமாகாமல் கர்ப்பமானவர்கள், 'நடத்தை சரியில்லை' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், ஆதரவற்றவர்கள் எல்லாரையும் அடைத்துவைத்து வருஷக்கணக்கில் கூலியில்லாமல் துணி துவைக்க வைத்த இடங்கள். செய்தித்தாளில் படித்த ஜோனி அதைப் பாட்டாக்கினார். 1994-ல் 'டர்புலன்ட் இண்டிகோ' ஆல்பத்தில் வந்தது. அடைக்கப்பட்ட ஒரு பெண்ணின் குரலில், தன்மையிலேயே பாடுகிறார். 1965-ல் டொராண்டோவில் இருந்த அந்த 21 வயதுப் பெண்ணை மனசில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுப் பாருங்க.

மகள் வளர்ந்தது டொராண்டோவிலேயேதான், ஆசிரியத் தம்பதி வீட்டில். தான் தத்துப்பிள்ளை என்பதே அவருக்குத் தன் முதல் கர்ப்பத்தின்போதுதான் தெரிந்தது. தேட ஆரம்பித்தார். ஒன்டாரியோ மாகாணத்தில் அப்போது தத்து ஆவணங்கள் முத்திரையிட்டு மூடப்பட்டிருந்தன. பெயர் கிடைக்காது. அடையாளம் தெரியாத அளவுக்கு வடிகட்டிய சில விவரங்கள் மட்டும் தருவார்கள், அதற்கே பல வருஷக் காத்திருப்பு. வந்த தாளில் தாய் சஸ்கட்டூன் பக்கத்துக்காரர், நாட்டுப்புறப் பாடகி, அமெரிக்காவுக்குப் போனவர் என்கிற மாதிரி குறிப்புகள். அந்தச் சில வரியிலிருந்து ஆளைக் கண்டுபிடித்தார்கள் பாருங்க, அதுதான் பெரிய துப்பறியும் வேலை. 1997-ல் தாயும் மகளும் சந்தித்தார்கள். 32 வருஷம் கழித்து. ஒன்டாரியோவில் அந்த ஆவணங்களைப் பெயரோடு திறந்துவிடுகிற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2009 ஜூனில்.

சந்திப்புக்குப் பிறகு எல்லாம் சுபம் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. உறவில் சண்டையும் விலகலும் வந்தன, அவை செய்தியாகவும் வந்தன. அது அவர்கள் இருவர் விஷயம், அதற்குள் நான் போகவில்லை. 2015-ல் ஜோனிக்கு மூளையில் ரத்தநாளம் வீங்கிப் பேச்சும் நடையும் போயின. தன் பழைய வீடியோக்களைப் பார்த்து, விரல் எங்கே வைக்கிறோம் என்று கிதாரை மறுபடி கற்றுக்கொண்டார். 2022 ஜூலையில் நியூபோர்ட் விழா மேடையில் முன்னறிவிப்பில்லாமல் வந்து உட்கார்ந்தார். குரல் ரொம்பக் கீழே இறங்கியிருந்தது.

கேட்க நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. 2020-ல் வெளியான அவருடைய ஆவணத் தொகுப்பின் முதல் பகுதியில் 'லிட்டில் கிரீன்' பாட்டின் 1967 மேடைப் பதிவு இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்க, பிறகு 'ப்ளூ'வில் இருப்பதை. 1967-ல் மகளுக்கு வயது 2. 1971-ல் 6, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும். இரண்டாவதில் கடைசி வாழ்த்து வருகிற இடத்தில் குரல் கொஞ்சம் நிதானமாகிறது. ஹெட்போன் போட்டுக் கேட்டால் தெரியும்.